எந்த உத்தரவு, எந்தத் தேதி

ஜூன் 11, செவ்வாய்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

வாரத்தில் இரண்டு நாள் காலையில் சட்டக் கல்லூரியில் சட்டத் தத்துவம் நடத்துகிறேன். முடித்துவிட்டுக் கோர்ட்டுக்கு வந்தால் படியில் ஒரு பெண் காத்திருந்தாள். கலைமணி. முப்பத்தாறு வயதாம். சாமிக்கல் துறையில் பரிசல் ஓட்டிய மாதுவின் மனைவி. மாது சித்திரையில் இறந்துவிட்டான். அதற்கு முன் இரண்டு வருஷம் வலது கையும் காலும் விழுந்து படுக்கை. அந்த இரண்டு வருஷமும் பரிசலை ஓட்டியது இவள். அக்கரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர், வலி எடுத்த கர்ப்பிணிகள் என்று எல்லாரையும் ஏற்றி இறக்கியிருக்கிறாள். லைசன்ஸ் மட்டும் அவன் பேரில் இருந்தது. அவன் போனதும் அதுவும் போயிற்று. தன் பேரில் கேட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாளாம். பொம்பளைக்குக் குடுக்கச் சட்டத்துல எடமில்ல என்று அனுப்பிவிட்டார்கள்.

"எந்தச் சட்டம்னு கேட்டியா?"

"கேக்கத் தெரியலீங்க வக்கீலம்மா. சட்டம்னு சொன்னாங்க. வந்துட்டேன்."

சட்டம்னு சொன்னாங்க, வந்துட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது இதையே நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

அவளைக் கூட்டிக்கொண்டு ஒன்றிய அலுவலகம் போனேன். கண்காணிப்பாளர் கிருஷ்ணப்பன். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். கலைமணி நின்றாள். இன்னொரு நாற்காலி வரும்வரை நானும் நின்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"உத்தரவு இருக்குதுங்க மேடம்."

"எண்?"

"நான் சர்வீசுக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்குதுங்க. முப்பது வருசமா இப்படித்தான்."

"காட்டுங்க."

"பழைய ரெக்கார்டு ரூம்ல இருக்கும். தேடணும். இதுல என்னங்க இருக்குது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஆறுங்க மேடம். திடீர்னு தண்ணி வரும். பொம்பளைங்க பாதுகாப்புக்குத்தான்."

"ரெண்டு வருஷம் இவ ஓட்டினப்போ தண்ணி வரலையா?"

"அது மாது லைசன்ஸ்லங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார்! இவள் துடுப்பு போட்டாள், இவள் கை காய்த்தது, ஆனால் ஓட்டியது மாது. ஆறும் அப்படித்தான் நினைத்ததா?

ஜூன் 15, சனி

இன்னும் கோபம் அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் தௌபிக் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றார். நீங்களே சமைங்க என்றேன். பாவம், அவர் ஹார்டுவேர் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவர்.

ஜூன் 20, வியாழன்

இன்று வகுப்பில் நான் பதினோரு வருஷமாகச் சொல்வதையே சொன்னேன். ஒரு சட்டம் நல்லதா என்று பார்த்து அது சட்டமா என்று முடிவு செய்யாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அதிகாரம் உள்ளவர், அதற்கான முறையில் உண்டாக்கியிருந்தால் சட்டம். அநியாயமாக இருக்கலாம். அப்போதும் அது அநியாயமான சட்டம்தான்.

கவிப்பிரியா என்று ஒரு பெண், கடைசி பெஞ்ச். "ஒருத்தன் கத்தியக் காட்டி நகையக் கழட்டுங்கறான். அதுவும் கட்டளைதானே மேடம். அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

கத்திக்குப் பயந்து கொடுக்கிறோம், சட்டத்தை ஏற்கிறோம் என்றேன். குறைந்தது நீதிபதிகளும் அதிகாரிகளுமாவது, சட்டத்தை அடையாளம் காண இதுதான் வழி என்று ஒன்றை ஏற்று நடக்கிறார்கள். அதற்கும் அடியில் தோண்டினால் கடவுளும் இல்லை, நியாயமும் இல்லை. மனிதர்கள் அப்படி ஏற்று நடக்கிறார்கள் என்ற உண்மை மட்டும் இருக்கிறது.

"அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான்."

ஏமாந்துபோன முகத்தோடு உட்கார்ந்தாள். எனக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது. நான் என்ன செய்ய? அடியில் வேறு எதையாவது நானா கொண்டுபோய் வைக்க முடியும்?

ஜூலை 8, திங்கள்

கலைமணி வழக்கு தாக்கல் செய்தாயிற்று. வக்கீல்கள் சங்கத்தில் ஒருவர், "பரிசலுக்கா மேடம் கேஸ்?" என்றார். ஏன், உங்க கார் பார்க்கிங்குக்குப் போட்டா பெரிய கேஸா?

ஆகஸ்ட் 3, சனி

ஆற்றில் வெள்ளம். ஒகேனக்கல்லில் தொடங்கிக் கீழே எல்லாத் துறையிலும் பரிசல் ஓட்டத் தடை. இது கலெக்டர் போட்ட தடை. எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, தண்ணீர் வடிந்தால் எடுத்துவிடுவார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. நானும்தான்.

கலைமணி பாப்பாரப்பட்டிப் பக்கம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறாளாம்.

ஆகஸ்ட் 21, புதன்

இன்று நடந்ததை எழுதாமல் விட்டால் வெடித்துவிடுவேன்.

ஒன்றியத்துக்கு ஆஜரானது அருள்குமார். என் மாணவன். ஆறு வருஷத்துக்கு முன் என் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தவன். காலில் விழாத குறையாக வணக்கம் சொன்னான். அப்புறம் எழுந்து நின்று என்ன பேசினான்?

நான் அரை மணி நேரம் பேசினேன். இரண்டு வருஷம் அவள் ஓட்டியதை, ஒரு விபத்தும் நடக்காததை, கணவன் செத்தால் அவள் கையிலிருந்த தொழில் எப்படிச் சாகும் என்பதை. நன்றாகத்தான் பேசினேன். அவன் மூன்று நிமிஷம் பேசினான்.

"மனுதாரர் தரப்பு சொல்வது முழுக்க நியாயம் பற்றியது. எங்க மேடம்தான் எனக்குச் சட்டத் தத்துவம் சொல்லிக் கொடுத்தவங்க. சட்டம் சட்டமா என்பது ஒரு விஷயம், நல்லதா என்பது வேற விஷயம், ரெண்டையும் குழப்புறவன் ரெண்டையும் கெடுப்பான்னு அவங்கதான் சொல்லுவாங்க."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "மேடம், இது அநியாயம்னு எனக்கும் தோணலாம். ஆனா எனக்குத் தோணுறது சட்டம் ஆயிடாது. சட்டத்தைச் சொல்லுங்க."

கலைமணி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கேட்டாள். "உங்ககிட்டப் படிச்ச பையனாங்க? நல்லாப் பேசுறாருங்க."

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில்தான்.

எழுபது கிலோ அரிசி மூட்டையைப் போல அந்தத் தத்துவத்தைத் தலையில் சுமந்து பதினோரு வருஷம் வகுப்பு வகுப்பாகக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு? கிருஷ்ணப்பனுக்கா? சட்டம் வேறு நியாயம் வேறு என்று சொன்னால் யாருக்கு லாபம் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? சட்டத்தைக் கையில் வைத்திருக்கிறவனுக்குத்தானே!

ஆகஸ்ட் 22, வியாழன்

ஒரு டம்ளர் உடைந்தது. கை தவறி என்று தௌபிக்கிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிக்கொண்டே, "ஜட்ஜு ஒன்னு சொன்னார்ல, சட்டத்தச் சொல்லுன்னு. அதயே நீ அந்தப் பையங்கிட்ட கேக்க வேண்டியதுதானே?" என்றார்.

ஹார்டுவேர் கடைக்காரர். பில் காட்டாமல் யாருக்கும் பொருள் மாற்றிக் கொடுக்காதவர்.

நான் ஜூன் மாதமே கேட்ட கேள்வி அது. எந்தச் சட்டம்? அதைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நியாயம் பேசப் போய்விட்டேன். இவ்வளவு முட்டாளா நான்? இன்றே தகவல் உரிமை மனு எழுதினேன். எந்த உத்தரவு, எந்தத் தேதி, யார் கையெழுத்து, எந்தப் பிரிவின் கீழ்.

செப்டம்பர் 19, வியாழன்

பதில் வந்தது. "தாங்கள் கோரிய உத்தரவு எதுவும் இவ்வலுவலகக் கோப்புகளில் காணப்படவில்லை."

இல்லவே இல்லை! முப்பது வருஷம்! இவளுக்கு முன்னால் எத்தனை பேர் வந்து கேட்டுவிட்டு, சட்டம்னு சொன்னாங்க என்று திரும்பிப் போயிருப்பார்கள்? யாரோ ஒருவன் என்றோ ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொன்னது. அடுத்தவன் அதைச் சட்டம் என்றான்.

செப்டம்பர் 25, புதன்

அருள்குமார் விடவில்லை. உத்தரவு இல்லை என்று ஒப்புக்கொண்டான். ஆனால், சட்டத்துக்கு அடியில் இருப்பது அதிகாரிகள் ஏற்று நடப்பதுதானே, முப்பது வருஷமாக எல்லா அதிகாரியும் இதை விதியாக ஏற்று நடந்திருக்கிறார்கள், ஆகவே இதுவே விதி என்றான். என் கையாலேயே என் கண்ணைக் குத்தப் பார்க்கிறான்.

எழுந்தேன். இந்த முறை கலைமணியின் கஷ்டம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அதிகாரிகள் ஏற்றது எதை? இந்தப் பழக்கத்தையா? ஊராட்சிச் சட்டம் பரிசல் துறையை ஒன்றியத்திடம் கொடுக்கிறது, ஒன்றியம் தீர்மானம் போட்டுத்தான் நிபந்தனை விதிக்க முடியும் என்கிறது. இதே கிருஷ்ணப்பன் மற்ற எல்லாவற்றுக்கும் தீர்மான எண் கேட்கிறார். அவர் ஏற்று நடக்கிற வழி அதுதான். அந்த வழியில் வராத ஒன்றை அவர் மேஜையில் முப்பது வருஷம் வைத்திருந்தாலும் அது சட்டம் ஆகாது. ஒரே வீட்டில் முப்பது வருஷம் காலை ஏழு மணிக்குக் காப்பி குடிக்கிறார்கள் என்பதால் ஏழரைக்குக் குடிப்பது குற்றமா?"

நீதிபதி எழுதிக்கொண்டார். அருள்குமார் உட்காரும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். அடித்துவிடலாம் போல இருந்தது.

அக்டோபர் 9, புதன்

உத்தரவு நமக்குச் சாதகம். பெண்களுக்குத் தடை என்று ஒன்று சட்டத்தில் இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை. கலைமணியின் மனுவை நாலு வாரத்துக்குள் பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும்.

கலைமணி, "அப்ப இத்தன நாளு என்னத்தக் கண்டு பயந்தோமுங்க?" என்றாள்.

நவம்பர் 6, புதன்

நாலு வாரம் முடியும் நாளில் பரிசீலித்தார்கள். எப்படி?

ஒன்றியக் கூட்டம். முறையான அறிவிப்பு, போதுமான உறுப்பினர்கள், தீர்மான எண், தலைவர் கையெழுத்து, முத்திரை. "பயணிகள் பாதுகாப்பை முன்னிட்டு, பரிசல் உரிமம் பெறுவோரும் புதுப்பிப்போரும், பரிசலைத் தனியொருவராகத் தலைமேல் தூக்கிக் கரை மேட்டில் ஏற்றும் உடல் திறன் உடையவராக இருத்தல் வேண்டும்."

பெண் என்ற சொல்லே இல்லை. அந்தத் துறையில் யாரும் தனியாகப் பரிசலைத் தூக்கி நான் பார்த்ததில்லை. இரண்டு பேர் தூக்குவார்கள், இல்லாவிட்டால் உருட்டுவார்கள். பயணிகள் பாதுகாப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தலைமேல் இருக்கும் பரிசலில் எவன் பயணம் போகிறான்?

ஆனால் இது சட்டம். என் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. உத்தரவு எங்கே என்று கேட்டேன், இந்தா என்று கொடுத்துவிட்டார்கள். சென்னை ஹைகோர்ட்டுக்குப் போகலாம், அரசியலமைப்பு என்ற மேல் சட்டத்தைக் காட்டலாம். பெண்ணை ஒதுக்கத்தான் இதை எழுதினார்கள் என்று அங்கே நிரூபிக்க வேண்டும். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. அவள் அதுவரை செங்கல் சுமக்கட்டும்.

த்தூ.

நவம்பர் 8, வெள்ளி

"புதுப்பிப்போரும்". இன்றுதான் அந்தச் சொல் கண்ணில் பட்டது. அருள்குமார் எழுதிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். புதிதாகக் கேட்பவருக்கு மட்டும் என்றால் கோர்ட்டில் நிற்காது என்று அவனுக்குத் தெரியும். ஜனவரியில் துறையில் பரிசல் ஓட்டும் பத்தொன்பது ஆண்களுக்கும் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும். அதில் ஏழெட்டுப் பேர் அறுபது தாண்டியவர்கள். நஞ்சப்பனுக்கு அறுபத்தேழு. பொம்பள துடுப்புப் புடிச்சா தொறைக்கு ஆகாது என்று ஒன்றியத்துக்கு மனு எழுதிக் கையெழுத்துப் போட்ட அதே நஞ்சப்பன்.

தூக்கட்டும். ஒவ்வொருவராகத் தூக்கட்டும். எல்லாருக்கும் அமல்படுத்து என்று நோட்டீஸ் எழுதினேன். பல நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கலைமணி வீட்டுக்கு வந்தாள். நோட்டீஸைப் படித்துக் காட்டினேன். முகம் மாறிவிட்டது.

"அனுப்பாதீங்க வக்கீலம்மா."

"ஏன்? உன்னைத் தொரத்தினவங்கதானே?"

"நஞ்சப்ப மாமாவுக்குத் தோளு எறங்கிப் போச்சுங்க. ராத்திரி கையத் தூக்கித் தண்ணி குடிக்க முடியாது. அவுங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டு நான் ஆத்துல எறங்கணுமா?"

"அப்ப எப்படி ஜெயிக்கறது?"

"தெரியலீங்க."

கத்திவிட்டேன். இவ்வளவு நல்லவளா இருந்தா கோர்ட்டுக்கு ஏன் வந்தே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எழுந்து போனாள்.

நோட்டீஸ் மேஜையில் கிடக்கிறது. அனுப்பவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

வாசலில் ஒரு பெரியவர். செருப்பைத் தள்ளி விட்டுவிட்டுக் கையில் துண்டோடு நின்றார். நஞ்சப்பன் என்றார். நான் உள்ளே கூப்பிடவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மாது பொண்டாட்டி தொறையில வந்து தீர்மானத்தப் படிச்சுச்சும்மா. எங்களுக்கு யாரும் சொல்லல. அதுல எம்பேரு இருக்குதா?"

"யார் பேரும் இல்லீங்க. எல்லாருக்கும்னு இருக்குது."

"ஆபீசுல கேட்டோம். உங்களுக்கில்ல பெரியவரே, சும்மா கையெழுத்துப் போட்டாப் போதும், அது அந்தப் பொண்ணுக்கு மட்டுந்தாங்கறாங்க."

"எழுதியிருக்கறது அப்படி இல்லீங்க."

தலையை ஆட்டினார். "நீங்க எங்க பேருல நோட்டீசு விட இருந்தீங்களாம். அந்தப் புள்ளதான் வேண்டாம்னுச்சாம்."

"ஆமாங்க."

டீ குடிக்கவில்லை. போய்விட்டார்.

ஜனவரி 6, திங்கள்

சாமிக்கல் துறையில் மேஜை போட்டிருந்தார்கள். கிருஷ்ணப்பன், ரெஜிஸ்டர், இரண்டு போலீஸ்காரர்கள். அருள்குமாரும் வந்திருந்தான். கரையெல்லாம் கூட்டம்.

முதலில் கலைமணியைக் கூப்பிட்டார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். பரிசல் முட்டி வரை வந்தது. தோள் வரை வந்தது. அதற்கு மேல் போகவில்லை. மூன்று முறை முயன்றாள். கையில் ரத்தம். கிருஷ்ணப்பன் "தகுதியில்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்துவிட்டு ஆண்களைப் பார்த்தார். "நீங்க வரிசையா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் நஞ்சப்பன் நடந்துவிட்டார். மேஜைக்குப் போகவில்லை. பரிசலிடம் போனார்.

"பெரியவரே, உங்களுக்கு வேண்டாங்க."

"எனக்கு ஏன் வேண்டாம்? எழுதுனது எல்லாருக்குந்தானே?"

குனிந்தார். வலது கை மேலே வரவில்லை. ஒரு பக்கம் மட்டும் சாண் உயரம் எழும்பி, பரிசல் மணலில் விழுந்தது. அவரும் விழுந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே மேஜைக்கு வந்தார்.

"எழுதுங்க. தகுதியில்லன்னு எழுதுங்க."

கிருஷ்ணப்பன் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் புள்ளைக்கு எழுதுன கைதானே? எழுதுங்க!"

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரும் கையெழுத்துக்குப் போகவில்லை. எல்லாரும் தூக்கிப் பார்த்தார்கள். இருபதில் நாலு பேர் தேறினார்கள். தேறிய நாலு பேரும் லைசன்ஸ் வேண்டாம் என்றார்கள்.

அருள்குமார் என் பக்கத்தில் நின்றிருந்தான். "நான் இதை நெனச்சு எழுதல மேடம்" என்றான்.

"சரியாத்தான் எழுதியிருக்கே" என்றேன். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

காலையில் இருபது பரிசலும் ஓடின. கலைமணியுடையதும். யாருக்கும் லைசன்ஸ் கிடையாது. நான் போய் எச்சரித்தேன். வக்கீல், சொல்லியாக வேண்டும். இது குற்றம், கேஸ் வரும் என்றேன். "சரிங்க" என்றார்கள். அக்கரையில் அறுபது வீடு இருக்கிறது. பால் இருக்கிறது.

ஜனவரி 11, சனி

அவசரக் கூட்டம் போட்டு அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். இதற்கும் தீர்மான எண் இருக்கிறது.

அந்த நாலு நாளுக்கு மட்டும் போலீஸ் கேஸ் போட்டிருக்கிறது. இருபது பேர் மீதும்.

பிப்ரவரி 3, திங்கள்

கலைமணிக்கு லைசன்ஸ் வந்தது. நேரில் கொடுத்தபோது கிருஷ்ணப்பன் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "எடத்தக் காட்டிக் கையெழுத்துப் போடுன்னாருங்க" என்றாள். ஒரு மன்னிப்பு? அதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை போல.

மார்ச் 12, புதன்

இருபது பேரும் இன்று ஆஜர். எங்கள் கோர்ட்டில் சிவிலும் கிரிமினலும் ஒரே நீதிபதிதான்.

பத்துப் பக்கம் வாதம் தயார் செய்திருந்தேன். பெண்ணை விரட்டுவதற்காகப் போட்ட தீர்மானம், நிபந்தனைக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை, ஆகவே தொடக்கத்திலிருந்தே செல்லாது, செல்லாததை மீறினால் குற்றமே இல்லை. நல்ல வாதம். பாதி ஜெயிக்கலாம். வராந்தாவில் கலைமணியிடம் விளக்கினேன்.

அவள் நஞ்சப்பனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"அது சட்டமே இல்லைன்னு சொல்லாதீங்க வக்கீலம்மா. சட்டந்தான்னு தெரிஞ்சுதான் ஓட்டுனோம். நீங்கதான் வந்து சொன்னீங்களே. இப்பப் போயி இல்லைன்னா, நாங்க பண்ணுனது என்னங்க ஆகும்?"

பதினோரு வருஷம் நடத்தியிருக்கிறேன். இந்த இடத்துக்கு நான் வந்ததே இல்லை. கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டார்கள். உரிமம் இல்லாமல் பரிசல் ஓட்டினீர்களா? "ஓட்டுனேனுங்க." இருபது முறை. கலைமணி குரல்தான் எல்லாவற்றிலும் சத்தமாக இருந்தது. வாதம் ஏதாவது உண்டா என்று நீதிபதி என்னைக் கேட்டார். இல்லை என்றேன். நிமிர்ந்து பார்த்தார். ஆகஸ்டில் அரை மணி நேரம் பேசியது அவருக்கு நினைவு வந்திருக்கும்.

கோர்ட் கலையும்வரை இருக்க வேண்டும். அதுதான் தண்டனை.

பின் வரிசை பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் நாலைந்து பேர் சுவரோரம் நின்றார்கள். எனக்கு வேறு கேஸ் இல்லை, போயிருக்கலாம். நஞ்சப்பன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். மதியம் முழுக்கப் பாகப்பிரிவினை, வாய்தா, வாய்தா. நஞ்சப்பன் தூங்கிவிட்டார்.

ஐந்தே முக்காலுக்கு நீதிபதி எழுந்தார். எல்லாரும் எழுந்தோம்.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள் கலைமணி.

"முடிஞ்சுது."

"அப்ப வர்றேனுங்க. காலையில மொத நடை என்னுது. பால்காரரு நின்னுட்டிருப்பாரு." ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.